செஞ்சோற்றுக் கடனும் ஒப்பந்தக் கடனும்

கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தலும் கடன். செய்யத்தக்க கடமையும் கடன். முன்னதற்கு அளவும் தவணையும் உண்டு. பின்னதற்கு அவை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதால் விளையும் வழக்குகள் பல. அவற்றுள் ஒன்று இந்நாளில் இளைஞர் நாவில் பெரிதும் அடிபடுகின்றது. ஊதியம் பெற்று ஆடும் உதைபந்தாட்ட வீரன் ஒருவன், ஒப்பந்தக் காலம் முடியுமுன்னே வேறு கழகத்துக்குச் செல்ல முற்படுகின்றான். அவன் செய்வது உரிமையா, துரோகமா என்பதே அவ்வழக்கு.

விழா மலரில் இதனை எழுதுவானேன் என்று அன்பர் சிலர் கேட்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது மாணவர் வார இறுதி இரவுகளில் ஆங்கில நாட்டு ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் கண்டு, திங்கட்கிழமை காலையில் வகுப்பறையில் இதே வழக்கைத் தொடர்கின்றனர். மூத்தோரிடத்தும் இப்பேச்சு வேறு வடிவில் உண்டு. நன்றாக ஆடும் மாணவன் ஒருவன் வசதி மிக்க வேறு பாடசாலைக்குச் சென்றுவிட்டால், 'இங்கே வளர்ந்தவன் அங்கே போய்விட்டான்' என்று பழைய மாணவர் மனங்கசந்து பேசுவதை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். இரண்டும் ஒரே கேள்விதானா என்று ஆராய்வது பயனுடைத்து.

தமிழர்க்கு இது புதிய வழக்கன்று. அண்ணன் செய்தது பிழையென இடித்துரைத்தும், அவன் சோற்றை உண்டதற்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான் கும்பகருணன். அறமல்லாதவிடத்து நில்லேன் என்று பிரிந்து சென்றான் வீடணன். தன் பிறப்பை அறிந்த பின்னரும் துரியோதனனை விட்டு நீங்கானாயினான் கன்னன். இம்மூவருள் உயர்ந்தவர் யாவர் என்று எமது பட்டிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகின்றன. இன்றும் முடிவு கண்டபாடில்லை. முடிவு காணாமைக்குக் காரணம் உண்டு. அவர்கள் பட்ட கடனுக்கு முடிவுத் திகதி இல்லை. எவ்வளவு உண்டால் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. செஞ்சோற்றுக் கடன் உயிர் கொடுத்தும் தீராதது. ஒப்பந்தமோ திகதியிட்டுத் தொடங்கித் திகதியிட்டு முடிவது. ஒப்பந்தக் கடனைச் செஞ்சோற்றுக் கடனின் கோலால் அளப்பதும், செஞ்சோற்றுக் கடனை ஒப்பந்தத்தின் கோலால் அளப்பதும் பிழை என்பதே எமது கருத்து.

அயல்நாட்டில் அண்மையில் எழுந்த வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். அன்வர் அலி என்பவர் பஞ்சாபைச் சேர்ந்த தற்காப்பு வீரர். 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணப் போட்டியில் தம் நாட்டுக்காக ஆடியவர். 2019இல் அவருடைய இதயத்தில் குறைபாடு இருப்பது மருத்துவச் சோதனையிற் புலப்பட்டது. ஆட்டம் நின்றது. ஆடும் உரிமைக்காக அவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. பெருங்கழகங்கள் தயங்கி நின்ற அக்காலத்தில் அவருக்கு இடமளித்தது டெல்லி எப்.சி. என்னும் சிறிய கழகம். அங்கிருந்து இரவலாகக் கோவா கழகத்துக்குச் சென்று, 2022இல் இந்தியத் தேசிய அணியிலும் இடம்பெற்றார். 2023இல் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் அவரை நீண்டகால இரவலாகப் பெற்றது.

2024 ஜூலையில் அவ்விரவல் ஒப்பந்தத்தை அன்வர் முறித்தார். இரவல் ஓராண்டுக்கு மேற்படலாகாது என்று உலக உதைபந்தாட்டத் தலைமைச் சபையாகிய பீபா 2022 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் வகுத்த விதி அவர் தரப்பின் வாதமாயிற்று. அவ்விதியை உள்நாட்டு ஆட்டங்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளத் தேசியச் சம்மேளனங்களுக்கு மூன்றாண்டுத் தவணை கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்க. டெல்லி எப்.சி.யோ அவரை ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு விற்றது. 1889இல் தோன்றிய மோகன் பகானும் 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் கொல்கத்தா நகரை இரண்டாகப் பிரிக்கும் பரம்பரைப் போட்டிக் கழகங்கள். ஆதலின் வழக்கு வெறும் சட்ட வழக்காக நில்லாது ஊர்ப்பகையாகவும் மூண்டது.

அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் குழு அவ்வாண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி தீர்ப்பளித்தது. தக்க காரணமின்றி ஒப்பந்தம் முறிக்கப்பட்டது என்றது. வீரருக்கு 4 மாதத் தடை. வீரரும் இரு கழகங்களும் சேர்ந்து மோகன் பகானுக்கு இந்திய ரூபா 12.9 கோடி நட்டஈடு செலுத்துதல் வேண்டும். இரு கழகங்களும் இரண்டு பருவ வாயில்களிற் புதிய வீரரைப் பதிவு செய்தலாகாது. சில நாள்களிலேயே விடயம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. அக்கட்டளை மீளப்பெறப்பட்டு, மறுவிசாரணைக்கு வழி பிறந்தது. அன்வர் ஈஸ்ட் பெங்காலின் சட்டை அணிந்து ஆடலானார்.

இவ்வழக்கில் அன்வர் எவர்க்குச் செஞ்சோற்றுக் கடன் பட்டவர்? நோயுற்றான் என்று உலகம் ஒதுக்கியபோது கைகொடுத்த சிறு கழகத்துக்கா? பெரும் ஊதியம் கொடுத்துப் பெரிய அரங்கில் ஆடவைத்த மோகன் பகானுக்கா? என்று நின்றுவிடுமோ என்று அஞ்சி வாழ்ந்த தம் வாழ்வுக்கும் குடும்பத்துக்குமா? விசுவாசம் என்னும் ஒரு சொல்லையே துணைக்கொண்டால் மூன்று தரப்புக்கும் மூன்று விடைகள் கிடைக்கும். மூன்றும் நியாயமாகவே தோன்றும். ஆகவே உள்ளத்து நன்றியைக் கொண்டு ஊதிய வழக்கைத் தீர்த்தல் இயலாது. எழுதப்பட்ட தாளைக் கொண்டே தீர்த்தல் வேண்டும். அத்தாள் ஐயத்துக்கு இடந்தரும் வகையில் எழுதப்படின், வீரனும் கழகமும் மாத்திரமன்றி ஊரே இடர்ப்படும். கொல்கத்தா எமக்குப் புகட்டும் முதற்பாடம் இதுவே.

ஒப்பந்தம் முடிந்த பின் செல்லுதலும் முடியுமுன் செல்லுதலும் வெவ்வேறு என்பதை விளக்க, ஆங்கில நாட்டு நியூகாசில் கழகத்தில் அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு வழக்குகள் போதும்.

1960இல் அக்கழகத்தில் ஆடிய ஜோர்ஜ் ஈஸ்தம் என்பவரின் ஒப்பந்தம் முடிவுற்றது. அவர் விலக விரும்பினார். கழகம் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரனைத் தன் பெயரிற் பிடித்து வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அக்காலத்து விதிகள் கழகங்களுக்கு வழங்கியிருந்தன. வேறு கழகத்திலும் ஆட முடியாது. ஈஸ்தம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தென் இங்கிலாந்திற் கோர்க்கு விற்கும் வேலை பார்த்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் 47,500 பவுணுக்கு ஆர்சனல் கழகம் அவரைப் பெற்றது. அதன் பின்னரும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் நீதியரசர் வில்பர்போர்ஸ், இவ்வாறு பிடித்து வைத்தல் தொழில் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். 1995 டிசெம்பர் 15ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பெல்ஜிய வீரராகிய பொஸ்மனின் ஒப்பந்தம் 1990இல் முடிந்திருந்தும், மாற்றுப்பணம் கிட்டாமையால் அவர் பிரெஞ்சு நாட்டுக் கழகத்துக்குச் செல்ல இயலாதாயிற்று. ஒப்பந்தம் முடிந்த வீரனுக்கு விலை கேட்டல் ஐரோப்பிய நாடுகளிடையே செல்லாது என்பது அத்தீர்ப்பின் பயன். ஆட்டக்காரனும் மனிதனே, கழகத்தின் உடைமை அல்லன் என்று சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் சென்றது.

இனி இரண்டாவது வழக்கு. 2022இல் சுவீடன் நாட்டு வீரர் அலெக்சாண்டர் இசாக் நியூகாசிலோடு ஆறாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். 2025 மார்ச்சில் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராகக் கோலும் போட்டார். எழுபது ஆண்டுகளாக உள்நாட்டுப் பெருங்கிண்ணம் எதனையும் காணாத ஊர் அன்று மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியது. அடுத்த பருவம் தொடங்கியபோது அதே இசாக் லிவர்பூல் செல்லவேண்டும் என்று நின்றார். ஒப்பந்தத்தில் மூன்றாண்டு மிச்சம் இருந்தது. பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. கழகம் தந்த வாக்குகள் மீறப்பட்டன என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். அத்தகைய வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று கழகம் மறுத்தது. செப்டெம்பர் முதலாந் திகதி 125 மில்லியன் பவுண் என்று சொல்லப்படும் பெருவிலைக்கு அவர் லிவர்பூல் சென்றார்.

இருவரும் நியூகாசிலில் ஆட மறுத்தவர்களே. ஆயினும் ஈஸ்தத்தை ஒரு தட்டிலும் இசாக்கை மறு தட்டிலும் வைத்து நிறுத்தால் துலாக்கோல் சமன் நில்லாது. ஈஸ்தம் தீர்த்த கடனுக்கு மேலும் கேட்கப்பட்டவர். இசாக் தீராத கடனோடு எழுந்தவர். முன்னவர் மறுத்தது அடிமைத்தனத்தை. பின்னவர் மறுத்தது தாமே இட்ட கையெழுத்தை.

இதற்கு மறுப்பு உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. 'ஆட்டக்காரனின் தொழில் வாழ்வு பதினைந்து ஆண்டுக்கு மேற்படுவது அரிது. ஒரு காயம் போதும், எல்லாம் முடியும். தனக்கு வேண்டாதபோது கழகம் அவனைத் தனியே பயிற்சி செய்யவிட்டுப் புழுங்கவைத்து வெளியேற்றுகின்றது. கழகத்துக்கு இல்லாத விசுவாசம் அவனுக்கு மட்டும் எதற்கு?' என்பர். இக்கூற்றின் முற்பகுதி முழுதும் உண்மை. எனினும் நீண்ட ஒப்பந்தம் வீரனுக்கும் நிழல் தருவது. கால் முறிந்து ஓராண்டு படுக்கையிற் கிடப்பினும் ஊதியம் வந்துகொண்டிருக்கும். அந்நிழலில் இருந்தவன் அதற்குரிய விலையையும் ஏற்றல் வேண்டும். நிழல் வேண்டாதவன் ஓராண்டு அல்லது ஈராண்டு ஒப்பந்தமே செய்துகொள்ளலாம். இத்தனை பணம் வந்தால் விடுவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைத் தாளிலேயே எழுதுவிக்கலாம். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வாக்குத் தவறினர் என்று வருந்துவதிற் பயனில்லை.

கழகத்தின் கடமையும் இதே அளவு கண்டிப்பானது. இரண்டு மாத ஊதியத்தை முறையின்றி நிறுத்திய கழகத்துக்கு வீரன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, 15 நாள் தவணையும் கழிந்த பின், ஒப்பந்தத்தைத் தக்க காரணத்தோடு முறிக்கலாம் என்று பீபா 2018 முதல் விதித்துள்ளது. பொருந்தாத தண்டனையைச் சுமத்துதலும் கூடாது. லசானா டியாரா என்னும் பிரெஞ்சு வீரர் ஒப்பந்த முறிவுக்காக ஒரு கோடி யூரோவுக்கு மேற்பட்ட நட்டஈட்டுக்கு ஆளாகி, புதிய கழகமும் அச்சுமைக்கு அஞ்சி ஒதுங்கிய வழக்கில், அவ்விதிகள் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 ஒக்டோபர் 4ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தத்தை மீறியவன் நட்டம் ஈடுசெய்தல் தகும். அவன் வாழ்நாள் முழுதும் கட்டுண்டு கிடத்தல் தகாது.

எமது நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 2022 ஜனவரியில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் சிலர் இளவயதிலேயே ஓய்வை அறிவித்தபோது, ஓய்வு பெற விரும்புவோர் மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றும், ஆறு மாதம் கழிந்த பின்னரே வெளிநாட்டு லீக்குகளில் ஆட அனுமதிச் சான்று வழங்கப்படும் என்றும் கிரிக்கெட் நிறுவனம் விதித்தது. அறிவித்தல் கேட்பது முறை. ஆனால் விட்டுச் சென்றவனை எத்துணைக் காலம் தொழிலின்றி நிறுத்தலாம் என்பது ஈஸ்தம் வழக்கில் எழுந்த அதே கேள்வியன்றோ?

இடமாற்றம் என்னும் சொல்லை ஆசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. விண்ணப்பித்தல் எமது உரிமை. ஆண்டுதோறும் விண்ணப்பிப்போர் பலர். ஆனால் மாற்றற் கடிதம் கைக்கு வரும் நாள்வரை நேரசூசியில் உள்ள பாடத்தைக் கற்பித்தே ஆகவேண்டும். விண்ணப்பித்த அன்றே, 'இனி வகுப்புக்குச் செல்லேன்' என்று ஒருவர் அமர்ந்துவிட்டால், நட்டப்படுபவர் கல்விப் பணிப்பாளர் அல்லர்; சாதாரண தரப் பரீட்சைக்குக் காத்திருக்கும் பிள்ளையே. ஆட்டக்களத்திலும் அவ்வாறே. நட்சத்திர வீரன் சப்பாத்தைக் கழற்றி வைத்தால், கழக உரிமையாளரின் செல்வம் குறைந்துவிடாது. அவனோடு சேர்ந்து ஆடி, அவனைவிட மிகக் குறைந்த ஊதியம் பெறும் பத்துப் பேரே தோல்வியைச் சுமப்பர். போக விரும்புதல் பிழையன்று. போவேன் என்று கேட்டலும் பிழையன்று. போகும் நாள்வரை ஆடாதிருத்தலே பிழை.

இனி எமது பிள்ளைகளுக்கு வருவோம். பாடசாலை மாறிச் செல்லும் பதினைந்து வயதுச் சிறுவன் எத்தாளிலும் கையெழுத்திட்டவன் அல்லன். அவனுக்கு நாம் ஊதியம் கொடுக்கவும் இல்லை. நல்ல மைதானம், பயிற்றுநர், மாலையில் உணவு, பின்னர் ஒரு தொழில் என்று மற்றோரிடம் காட்டும்போது, அவன் பெற்றோர் அங்கே அழைத்துச் செல்வர். கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறை வீட்டில் வாழும் தந்தைக்கு அது வரம். அச்சிறுவனைத் துரோகி என்றல் பெருங்கொடுமை. அவனுக்கு நாம் என்ன கொடுத்தோம், என்ன கொடுக்கத் தவறினோம் என்று கேட்பதே பழைய மாணவர்க்கு அழகு. வலையமைத்த ஒரு பயிற்சித் திடல், நாள்தோறும் ஒரு வேளை சத்துணவு, காயம் பட்டால் மருத்துவச் செலவு: இவற்றைக் கொடுத்துவிட்டு அவன் போனால் வருந்தலாம், கொடாதவிடத்து வருந்தவும் உரிமையில்லை.

வளர்த்தவர்க்குக் கைம்மாறு ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. வீரன் ஒருவன் ஒப்பந்தக் காலத்தின் நடுவே நாடு விட்டு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்படும்போது, மாற்றுப்பணத்தில் நூற்றுக்கு 5 வீதத்தை, அவனுடைய 12 வயது தொடக்கம் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பங்கிடல் வேண்டும் என்பது பீபாவின் விதி. இதற்கெனப் பாரிசில் நிறுவப்பட்ட பணத்தீர்வு மன்றம் 2022 நவம்பர் முதல் இயங்குகின்றது. நன்றியைச் சட்டம் எண்ணாகவே எழுதிவிட்டது. ஆயினும் அப்பங்கு சம்மேளனத்திற் பதிவுபெற்ற கழகத்துக்கே, பதிவு செய்யப்பட்ட வீரனின் பெயரிலேயே கிட்டும். பதிவேட்டில் இல்லாத வளர்ப்புக்குப் பங்கில்லை. ஆதலின் கொழும்பு வடக்கின் சிறு கழகங்களை நடத்தும் எமது பழைய மாணவர், பன்னிரண்டு வயதிலிருந்தே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஆண்டையும் ஒழுங்காகப் பதிவு செய்வாராக. தொழில்முறை ஆட்டம் இங்கு இன்னும் வேரூன்றவில்லை. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது பலர் நம்பிக்கை கொண்டனர். 2023 ஜனவரியில் பீபா எமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது; அத்தடை அவ்வாண்டு ஓகஸ்டிலேயே நீங்கியது. எனினும் கடல் கடந்து மாலைதீவில் ஆடும் இலங்கையர் உள்ளனர். புலம்பெயர்ந்த எமது குடும்பமொன்றிற் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தில் ஆடுகின்றார். நாளை இவ்விதிகள் எமது பிள்ளைகளுக்கும் வேண்டப்படும். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, பொருள் விளங்கிய பின் கையெழுத்திடக் கற்பித்தலும் மொழியாசிரியர் கடமையே எனக் கொள்கின்றோம்.

ஈற்றில் ஒரு சொல். இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். சிலர் போரினாற் சென்றனர். சிலர் கல்விக்காகச் சென்றனர். சிலர் நல்லூதியம் நாடியே சென்றனர். அவர்களை எவரும் துரோகி என்பதில்லை, என்னலும் ஆகாது. நாடு மாறியவர்க்கு நாம் அளிக்கும் நியாயத்தை, சட்டை மாறிய சிறுவனுக்கு மறுக்கலாமோ? கையெழுத்திட்ட கடனைத் திகதி தவறாது தீர்த்துவிட்டு எவரும் எங்கும் செல்லலாம். திகதியில்லாக் கடனோ எவ்விடம் சென்றாலும் உடன் வரும். அதனைக் கேட்டுப் பெறுதல் கல்லூரிக்கும் இழிவு, கழகத்துக்கும் இழிவு. அது தானே வரும்வண்ணம் பிள்ளைகளை நடத்துதலே எமது பணி.